கடுகண்ணாவை ஏற்றமும் மாமாவின் மொறிஸ் மைனரும்

மாமாவின் மொறிஸ் மைனர் ஒரு காலத்தில் கொழும்பு-கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றத்தை மூன்றாம் கியரிலேயே முடித்துவிடும். பிறகு, பாறையைக் குடைந்த வழிக்குச் சற்று முன்னால் இரண்டாம் கியர் கேட்க ஆரம்பித்தது. இன்னும் சில வருஷம் போனதும், மாவனல்லை தாண்டி மேடு தொடங்கும்போதே மாமாவின் கை தானாக கியருக்குப் போகும். எப்போது மாறியது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. எஞ்சின் தேய்வது அப்படித்தான். ஓட்டுகிறவரின் கால் இன்னும் கொஞ்சம் அழுத்தப் பழகிக்கொள்ளும். சமதரையில் ஒன்றும் தெரியாது, மேடுதான் காட்டிக்கொடுக்கும்.

இந்த வீதியை வெட்டிய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். 1832இல் அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. எங்கள் சிறு வயதில் அது றேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் இடம். மாமா பொனட்டைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருப்பார். நாங்கள் தூரத்துப் பத்தலேகல மலையைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

மாமாவின் காருடையது 1098 சீசீ எஞ்சின். 1962க்குப் பிறகு வந்த மைனர்களில் இருந்தது. புதிதில் 48 குதிரைவலு. அதுவும் கடல் மட்டத்துக் கணக்கு. ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்று மெலிந்து ஏறக்குறைய பத்து வீதம் பலம் போய்விடும். நுவரெலியா 1868 மீற்றர். கம்பளை, புசல்லாவை கடந்து றம்பொடை வளைவுகளில் ஏறும்போது புது எஞ்சினே களைக்கும். தேய்ந்த எஞ்சினுக்கு இரட்டை நட்டம். சித்திரை விடுமுறையில் றம்பொடையில் எங்களை இறக்கி நடக்கவிட்டது நினைவிருக்கிறது.

அதன் பிறகுதான் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜுக்குப் போனோம். அங்கிருந்த மெக்கானிக்கை மாமா "நானா" என்றுதான் கூப்பிடுவார். நானா நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரெஷன் கேஜை அழுத்திப் பிடித்து எஞ்சினைச் சுற்றச் சொன்னார். நடு இரண்டிலும் முள் பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தத் துளைகளில் கொஞ்சம் ஒயில் ஊற்றி மறுபடி பார்த்தார். முள் விறுவிறுவென்று ஏறியது. "வால்வு இல்ல ஐயா, றிங்தான்" என்றார். பிஸ்டன் றிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளியை ஒயில் சற்று நேரம் அடைக்கும், அதனால் அழுத்தம் கூடும். வால்வு பழுதென்றால் ஒயில் ஊற்றியும் முள் முன்பைவிட மேலே ஏறாது. எனக்கு இன்றும் வியப்புத் தரும் எளிய சோதனை இது.

ஹெட்டைக் கழற்றியதும் என் விரலைப் பிடித்து சிலிண்டரின் உள்விளிம்பில் தேய்க்கவைத்தார். நகம் ஒரு படியில் தட்டியது. றிங் மேலே போய் நின்று திரும்பும் இடம் அது. சூடு அதிகம், ஒயில் குறைவு. தேய்மானம் அங்கேதான் கூடுதல். அந்த இடைவெளியால் எரிந்த வாயு கீழே நழுவும், ஒயில் மேலே ஏறி எரியும். நீலப் புகை அங்கிருந்துதான் வருகிறது.

வால்வின் கதை வேறு. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் இலங்கையில் நின்றது. பழைய இரும்பு ஹெட்டுகளின் வால்வு இருக்கைகளை அதுவரை காத்தது அந்த ஈயம்தான். இருக்கை தேய்ந்தால் வால்வு உள்ளே அமிழும், டப்பட் சத்தம் குறையும். எஞ்சின் அமைதியாகிவிட்டதென்று பலர் மகிழ்ந்தார்கள். உண்மையில் வால்வு முழுதாக மூடாமல் எரியத் தொடங்கும் நேரம் அது.

எங்கள் மைனருக்கு சிலிண்டரை அரை மில்லிமீற்றர் அகலப்படுத்தி, பெரிய பிஸ்டன் போட்டார்கள். எழுபதுகளில் இறக்குமதி இறுக்கப்பட்டபோது கண்டிக் கராஜுகள் பழகிக்கொண்ட கைவேலை அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கும்வரை அந்தக் கைவேலைதான் மறுபடியும் நாட்டைத் தாங்கியது. அந்த மெக்கானிக்குகளுக்கு நாம் போதிய மரியாதை கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

வேலை முடிந்து வந்த மைனர் கடுகண்ணாவையில் மீண்டும் மூன்றாம் கியரில் ஏறியது.

உங்கள் வண்டி மேட்டில் இழுக்கவில்லையா? முதலில் பிரேக் இறுகியிருக்கிறதா, டைமிங் சரியா, காபரேட்டர் சுத்தமா என்று பாருங்கள். பிறகு கம்ப்ரெஷனை, ஒயில் ஊற்றாமல் ஒரு தடவையும் ஊற்றி ஒரு தடவையும், அளக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்களும் கைக்கு வராமல் எஞ்சினைப் பிரிக்கவோ, வண்டியை அற்ப விலைக்கு விற்கவோ சம்மதிக்காதீர்கள்.