கதவடைத்த கடையும் கையிலிருந்த காகிதமும்

ஸ்ரீரங்கத்தில் அரங்கன் பள்ளிகொண்டிருக்கிறான். ஆயினும் குறை சொல்லப் போகிறவர்களுக்கு அவன் இருக்குமிடம் தெரியும். திருச்சித் தெப்பக்குளத்தருகே எங்களுக்கு ஃபிரிட்ஜ் விற்ற கடைக்காரரோ எழுந்து போயே விட்டார்!

2022-ம் வருஷத்துத் தீபாவளிக்கு அதை வாங்கினோம். விலை 24,500 ரூபாய். அதற்குமேல் 2,999 ரூபாய் கொடுத்தால், கம்பெனியின் ஒரு வருஷ வாரண்டிக்குப் பிறகும் இரண்டு வருஷங்களுக்குத் தாமே பொறுப்பு என்றார் கடைக்காரர். புன்னகையும் சந்தனமுமாக அவர் சொன்ன சொல்லை யார்தான் மறுக்க முடியும்? கொடுத்தேன்.

2024 சித்திரைத் தேருக்கு மூன்று நாள் முன்பு பெட்டி பேச்சு மூச்சற்றுப் போயிற்று. பால் திரிந்ததும் மாவு புளித்ததும் பெரிதல்ல. என் தாயாரின் இன்சுலின் அதற்குள் இருந்தது. என் மனைவி ஒரு மண்பானையில் ஈர மணலிட்டு, நடுவே சிறு பாத்திரத்தில் மருந்தை வைத்து ஈரத் துணியால் மூடினாள். நான் காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கடைக்கு ஓடினேன்.

அங்கே இரும்புக் கதவு இறங்கியிருந்தது. "இடம் வாடகைக்கு" என்று ஓர் அட்டை தொங்கிற்று. "மூணு மாசம் ஆச்சு சார்" என்றாள் வாசலில் பூக்கட்டிக் கொண்டிருந்த அம்மாள். அன்று எனக்கு வந்த கோபத்தில் உச்சிப்பிள்ளையாரே நேரில் வந்திருந்தாலும் வழக்குத் தொடுத்திருப்பேன்!

வீடு திரும்பியதும், அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற வக்கீலிடம் முறையிட்டேன். "ரசீது இருக்கிறதா, ஓய்?" என்பதே அவர் முதல் கேள்வி. நல்ல வேளை, என் மனைவி அதைப் பஞ்சாங்கத்துக்குள் பத்திரப்படுத்தியிருந்தாள். காகிதங்களைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நீர் ஒரு பெட்டி வாங்கினீர், ஆனால் மூன்று வாக்குகள் பெற்றிருக்கிறீர். முழுப் பெட்டிக்கும் ஒரு வருஷம் என்பது கம்பெனியின் வாக்கு, அது முடிந்துவிட்டது. கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம் என்பதும் கம்பெனியின் வாக்கு, அது உயிரோடிருக்கிறது. கடை மூடினதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்றாவதுதான் கடைக்காரருடையது. இதன் பின்புறத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி எதன் பெயராவது இருந்தால் அவர்களைக் கேட்கலாம். இதிலோ கடை முத்திரை மட்டுமே இருக்கிறது."

கம்பெனிக்கு டெலிபோன் செய்தோம். மூன்றாம் நாள் மெக்கானிக் வந்தார். பழுது கம்ப்ரஸரில்தான், புதியது இலவசம். காஸ் நிரப்பவும் கூலிக்கும் 2,600 ரூபாய் ஆயிற்று. கடைக்காரர் தம் வாக்கின்படி ஏற்றிருக்க வேண்டிய செலவு அதுவே.

"அதை விட்டுவிடலாமா?" என்றேன்.

"ஏன் விட வேண்டும்? ரசீதிலுள்ள ஜி.எஸ்.டி. எண்ணைக் கொண்டு, கடை தனி மனிதருடையதா, கம்பெனியா என்று பார்த்துவிடலாம். தனி மனிதர் என்றால், கதவை இறக்கியதால் கடன் இறங்கிவிடாது. கம்பெனி திவாலானால் விஷயம் வேறு. 2016-ம் வருஷத்துத் திவால் சட்டப்படி விசாரணை தொடங்கியதும், புது வழக்குகளுக்குத் தடை விழும். அதற்கென நியமிக்கப்பட்டவரிடம் நம் பாக்கியை எழுதிக் கொடுக்க வேண்டும். சொத்தை விற்றுப் பங்கிட்டால், ஊழியர்களுக்கும் ஈடு பெற்ற பாங்குகளுக்கும் பின்னால்தான் நம் முறை."

பெரிய கடையானால் இந்தக் கவலை இல்லை என்று எண்ண வேண்டாம். 1997-ல் சென்னையில் தொடங்கி, மளிகை முதல் செல்போன் வரை விற்று, நாடெங்கும் 1,600 கடைகளுக்குமேல் பரவிய சுபிக்ஷா 2009-ல் கதவடைத்ததை நாம் கண்டிருக்கிறோம்.

வக்கீல் மேலும் விளக்கினார். 2020-ல் அமலுக்கு வந்த 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "வியாபாரி" என்ற சொல்லுக்குள் உற்பத்தியாளரும் அடக்கம். ஆகவே விற்றவர் மறைந்தாலும் செய்தவர் மறைய முடியாது. வசிக்கிற ஊரிலேயே, அதாவது திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. குறை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். முதற்படியாக 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம்.

கடைக்காரர் தனி உரிமையாளர் என்று தெரிந்தது. அவருக்கு நோட்டீஸ் அனுப்பினோம். பத்தாம் நாள் அவரே வாசலில் வந்து நின்றார். புன்னகையும் இல்லை, சந்தனமும் இல்லை. வியாபாரம் நொடித்ததையும், மகளின் படிப்பு பாதியில் நிற்பதையும் சொன்னார். ஒரு வாரமாக நான் தயாரித்து வைத்திருந்த கடுஞ்சொற்கள் தொண்டையிலேயே நின்றுவிட்டன. என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஆனால் ரசீதையும் உடன் கொண்டுவந்து வைத்தாள்!

அவர் 2,600 ரூபாயையும் இரண்டு தவணையில் கொடுத்துத் தீர்த்தார். கடைசித் தவணையன்று, "மற்றவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள், நீங்கள்தான் கணக்குக் கேட்டீர்கள்" என்றார். அதில் வருத்தத்தைவிட நிம்மதியே அதிகம் தொனித்தது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் எந்தச் சாமான் வாங்கினாலும், "இது யாருடைய வாக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் என் மனைவி பணத்தை எண்ணுகிறாள். ரசீதுகள் பஞ்சாங்கத்திலேயே இருக்கின்றன. மண்பானையும் பரண்மேல் பத்திரமாக இருக்கிறது.