ஷேல் எண்ணெய்: ஜெயிச்சும் தப்பிக்கலை

அமெரிக்காக்காரங்க "எங்க மண்ணுக்கு அடியிலேயே எண்ணெய் இருக்கு, இனிமே அரபு நாடுகளை நம்ப வேண்டாம்"னு சொல்றது 1970கள்லேருந்து ஓடுற கதை. நடந்ததா? பாதி நடந்ததுன்னுதான் நான் சொல்வேன்.

கொலராடோ, யூட்டா, வயோமிங் பக்கத்துப் பாறையில் இருப்பது நிஜத்தில் எண்ணெயே இல்லீங்க, கெரோஜன். பாறையைச் சுமார் 500 டிகிரியில் சுட்டால்தான் எண்ணெய் வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! 1982 மே 2-ல் எக்ஸான் கொலராடோவில் தன் 'காலனி' திட்டத்தைக் கைவிட, 2,000 பேருக்கு மேல் வேலை போச்சு. அந்த ஊர்க்காரங்களுக்கு அது 'கறுப்பு ஞாயிறு'.

ஜெயிச்சது வேற சரக்கு. வடக்கு டகோட்டா, டெக்சாஸ் பக்கம் பாறை இடுக்கிலேயே நிஜ எண்ணெய் இருக்கு. பக்கவாட்டில் துளை போட்டு, தண்ணியையும் மணலையும் அழுத்திச் செலுத்தி, பாறையை உடைச்சு எடுக்கறாங்க. 2020-ல் பெட்ரோலிய இறக்குமதியை ஏற்றுமதி தாண்டிடுச்சு.

சரி, சுதந்திரம் வந்தாச்சா? உக்ரைன் போர் ஆரம்பிச்ச 2022-லயே, ஜூன் மாசம் அங்கே பெட்ரோல் காலன் 5 டாலரைத் தொட்டுச்சு. எண்ணெய் சொந்த மண்ணில் எடுத்ததா இருந்தாலும், விலை வைக்கிறது உலகச் சந்தை. போதாததுக்கு, அவங்க சுத்திகரிப்பு ஆலைகள் பல கனமான கச்சா எண்ணெய்க்காகக் கட்டினவை. ஷேல் தர்றது லேசான ரகம். அதனால இறக்குமதியும் நிக்கலை.

சொந்த எண்ணெய் வேலை கொடுக்கும், அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தும். விலையிலிருந்து விடுதலை வேணும்னா, எண்ணெயின் தேவையைத்தான் குறைக்கணும். நீங்க என்ன சொல்றீங்க?