டெல்லிக் குளிருக்கு ஊரிலேயே கோட் வாங்காதீர்கள்!

டிசம்பர் நெருங்கினால் ஊரிலிருந்து போன் வந்துவிடும். மகள் பிரசவத்துக்கு வரும் அம்மா, பேரனைப் பார்க்க வரும் அத்தை, பரீட்சை எழுத வரும் பெண் என எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "இங்கேயே நல்ல கோட்டா ஒண்ணு வாங்கிட்டு வந்துடவா?"

வேண்டாம். ரயிலிலிருந்து இறங்கும் அன்றைக்கு ஒரு சால்வையும் சாக்ஸும் போதும். மிச்சத்தை இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி அதிகாலையில் டெல்லி 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும். வெளிக்குளிரைவிட வீட்டுக்குள் அடிக்கும் குளிர்தான் கொடுமை. தரையில் கால் வைத்தால் ஐஸ். ஹீட்டர் இருந்தாலும் ஒரு அறைக்குத்தான். அந்த நேரத்தில் எழுந்து குழாய்த் தண்ணீரில் பாத்திரம் தேய்ப்பது பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் நல்ல ஜாக்கெட் முதலில் வீட்டுக்காரருக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு. அம்மாவுக்கு அதே பழைய சால்வை! இந்த வரிசையை மாற்ற பெரிய பணம் ஒன்றும் தேவையில்லை.

காஷ்மீரி கேட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ரிங் ரோட்டை ஒட்டி மானஸ்ட்ரி மார்க்கெட் இருக்கிறது. லடாக் புத்த விஹார் அங்கே இருப்பதால் அந்தப் பெயர். 1959-க்குப் பிறகு திபெத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் குடும்பங்கள் இங்கே கடை போட்டிருக்கின்றன. மெட்ரோவில் இறங்கி பேட்டரி ரிக்‌ஷா பிடித்தால் போய்விடலாம். ஸ்வெட்டர், ஜாக்கெட், குல்லா, கையுறை எல்லாம் ஒரே இடம். சரக்கில் நிறைய பஞ்சாபின் லூதியானாவில் பின்னியது. நமக்குத் திருப்பூர் மாதிரி, கம்பளிக்கு லூதியானா.

வாங்கும்போது உள்ளிருந்து ஆரம்பியுங்கள். உடம்பை ஒட்டிய தெர்மல், அதன் மேல் ஸ்வெட்டர், வெளியே போனால் காற்று புகாத ஜாக்கெட். அடுக்குகளுக்கு நடுவே சிக்கும் காற்றுதான் சூட்டைக் காக்கும். ஒரே ஒரு தடி கோட்டால் இது முடியாது. அதைப் போட்டுக்கொண்டு சப்பாத்தியும் தேய்க்க முடியாது.

காஷ்மிலான் என்று கடைக்காரர் சொன்னால் அது அக்ரிலிக் நூல். மோசமில்லை. விலை குறைவு, வீட்டிலேயே துவைக்கலாம். ஆனால் சீக்கிரம் உருண்டை உருண்டையாகத் திரளும். கம்பளி கலந்தது வேண்டுமென்றால் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். 300 ரூபாய்க்கு "அசல் பஷ்மினா" என்று நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

புடவைக்காரர்களுக்குத்தான் கஷ்டம். பெண்களுக்கென்று தொங்கும் ஸ்வெட்டர்களில் பாதி அழகுக்குத்தான்; இடுப்பு வரைகூட வராது, பாக்கெட்டும் இருக்காது. லாஜ்பத் நகர் போன்ற மார்க்கெட்டுகளில் முழுக்கை கம்பளி ரவிக்கை கேளுங்கள், கிடைக்கும். பாவாடைக்கு உள்ளே கம்பளி லெக்கிங்ஸ். கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ் இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம். சாக்ஸோடு செருப்பும் போடலாம்!

கல்லூரிப் பெண்களுக்கு சரோஜினி நகர். பிங்க் லைனில் அதே பெயரில் ஸ்டேஷன் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை, ஞாயிறு நெரிசலில் மூச்சு முட்டும், அதனால் வாரநாள் காலையில் போங்கள். சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரம் தொடங்கலாம். குவியலில் எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, ஜிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் துவைத்த பிறகே போடுங்கள்.

அவசரமில்லாதவர்கள் ஜனவரிக் கடைசி வரை பொறுக்கலாம். சரக்கைக் காலி செய்ய விலையை இறக்குவார்கள். அப்போது வாங்கி, வெயிலில் காயவைத்து, வேப்பிலையோடு பெட்டியில் வைத்தால் அடுத்த டிசம்பருக்கு ஆயிற்று.