பட்டமும் ஆட்டமும்

உலகப் போக்கர் தொடரின் முதல் சாம்பியனை உடன் ஆடியவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 1970இல் லாஸ் வேகஸின் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் அப்படித்தான் ஜானி மாஸ் பட்டம் பெற்றார். மறு ஆண்டிலிருந்து முறை மாறியது: சில்லு தீர்ந்தவர் எழுந்து போக வேண்டும், கடைசியில் மிஞ்சுகிறவருக்குப் பட்டம். அதிலும் மாஸே வென்றார் என்றாலும், பழைய ஓட்டெடுப்பில்தான் நியாயம் அதிகம் என்பது என் எண்ணம்.

1976இன் கடைசி ஆட்டத்தையே பாருங்கள். டாயில் பிரன்சனிடம் பத்தும் ரெண்டும். எதிரே ஜெஸ்ஸி ஆல்ட்டோவிடம் ஆஸும் ஜாக்கியும். பொதுவில் விரித்த முதல் மூன்று சீட்டிலேயே ஆல்ட்டோவுக்கு ஆஸ் ஜோடி, ஜாக்கி ஜோடி இரண்டும் சேர்ந்துவிட்டன. ஐந்தாவது சீட்டு பத்தாக விழுந்ததும் பிரன்சனின் கை அதை மிஞ்சியது, அவரே சாம்பியன். அந்தப் பத்தில் அவர் திறமை எதுவும் இல்லை. அவரை நான் மேதை என்று மதிப்பது, பெரும்பணம் புழங்கும் மேசைகளில் முதுமை வரைக்கும் தாக்குப்பிடித்ததற்காக.

2003இல் வென்ற கிறிஸ் மணிமேக்கரை அதிர்ஷ்டக்காரர் என்றே பலரும் சொன்னார்கள். டென்னஸி மாநிலத்துக் கணக்காளர். இணையத்தில் 86 டாலர் கட்டித் தகுதிச் சுற்றில் ஜெயித்து வந்தவர். 839 பேரைக் கொண்ட போட்டியில் 25 லட்சம் டாலர் பரிசு. ஆனால் கடைசி எதிராளி சாமி ஃபர்ஹாவுடன் மோதிய ஓர் ஆட்டத்தை மறக்க முடியாது. மணிமேக்கர் எதிர்பார்த்த சீட்டு எதுவும் வரவில்லை, கையில் வெறும் ராஜா. ஃபர்ஹாவிடமோ ஒன்பது ஜோடி. மணிமேக்கர் தன் சில்லு முழுவதையும் நடுவில் தள்ளினார். ஃபர்ஹா வெகுநேரம் யோசித்துச் சீட்டைக் கவிழ்த்துவிட்டார். சீட்டு கைவிட்ட இடத்தில் நெஞ்சுரம் ஜெயித்தது. அது திறமைதான்.

அதே ஆண்டு மூன்றாமிடம் டான் ஹாரிங்டனுக்கு. 1995இலேயே பட்டம் வென்றவர். 2004இல் 2,576 பேர் ஆடினார்கள், அவர் நான்காமிடம். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டும் இறுதி மேசைக்கு வந்து சேர்வதை ஒரு பட்டத்தைவிட உயர்வாகவே வைப்பேன்.

திறமையைவிடக் குணத்தை அளப்பதுதான் கடினம். ஸ்டூ அங்கர் 1980, 1981 ஆண்டுகளில் வென்றார். பிறகு போதைப்பழக்கம் அவரைத் தின்றது. 1997இல் சக ஆட்டக்காரர் பில்லி பேக்ஸ்டர் நுழைவுப் பணம் 10,000 டாலரைக் கட்ட, அங்கர் மூன்றாம் முறையும் வென்றார். பத்து லட்சம் டாலரை இருவரும் பாதிப்பாதி பிரித்துக்கொண்டார்கள். அங்கரின் பங்கு சீக்கிரமே கரைந்தது. 1998இல் பேக்ஸ்டர் மறுபடியும் பணம் கட்டத் தயாராக இருந்தும் அங்கர் ஆட வரவில்லை. அந்த நவம்பரில் 45 வயதில் ஒரு விடுதி அறையில் இறந்துகிடந்தார். மேசையில் எதிராளியின் சீட்டைக் கூர்மையாக ஊகிக்கத் தெரிந்தவர் அவர். வெளியே அந்தக் கூர்மை ஏன் துணைக்கு வரவில்லை என்பதற்கு, அது நோய் என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை. அவரை ஒழுக்கம் கெட்டவர் என்று ஒரே சொல்லில் தள்ளுகிறவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன்.