நீலக் கட்டம் யாருக்கு?

"அஞ்சு நிமிஷம்தான் சார், இதோ எடுத்துடறேன்!"

திண்டுக்கல்லில் வங்கி வாசலோ, ஜவுளிக்கடை வாசலோ, எங்கே நின்றாலும் காதில் விழும் வசனம் இது. வண்டி நிற்பது எங்கே என்று பார்த்தால், சக்கர நாற்காலி படம் போட்ட நீலக் கட்டத்தில்! கட்டமே இல்லாத இடங்களில் சாய்தளத்தை மறித்துக்கொண்டு நிற்கும். கேட்டால், "காலியாத்தானே இருந்துச்சு" என்பார்கள்.

காலியாக இருப்பதால் யாருக்கும் வேண்டாத இடம் என்று ஆகிவிடுமா? தேவைப்படுபவர் எப்போது வந்தாலும் கிடைக்க வேண்டும் என்றுதானே அதைக் காலியாக விடுகிறார்கள்!

பலர் இதை ஏதோ சலுகை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது அகலம் பற்றிய விஷயம். மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிமுறைப்படி மாற்றுத்திறனாளிக்கான கார் இடம் 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கார் கதவை முழுசாகத் திறந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியை வைத்து, அதில் மாறி உட்கார அவ்வளவு இடம் தேவை.

சரி, திண்டுக்கல் மாதிரி ஊருக்கு வருவோம். இங்கே அதிகம் கண்ணில் படுவது கார் அல்ல, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். தகுதியுள்ளவர்களுக்குத் தமிழக அரசே இலவசமாகத் தருகிறது. இந்த வண்டியை மற்ற பைக்குகளுக்கு நடுவே செருக முடியாது. பெரும்பாலானவற்றில் ரிவர்ஸ் கியர் கிடையாது. இறங்கித் தள்ளலாம் என்றால், ஊன்றுகோலோடு வருபவர் எப்படித் தள்ளுவார்?

இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பார். இடம் இல்லை என்றால் திரும்பிப் போவார். பிறகு ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் யாரிடமாவது கொடுத்துப் பணம் எடுத்து வரச் சொல்வார். தன் கணக்கை இன்னொருவர் பார்க்க வேண்டியிருக்கிறதே, அதுதான் அந்த ஐந்து நிமிடத்தின் விலை!

அப்படியானால் யார் நிறுத்தலாம்? இங்கே ஒரு சிக்கல். "ஆள் நல்லாத்தானே நடக்கிறார்" என்று சண்டைக்குப் போகவும் கூடாது. 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் 21. பார்க்கின்சன் நோய், தசைச் சிதைவு எல்லாம் இதில் உண்டு. பத்து அடி நன்றாக நடப்பவர் பதினோராவது அடியில் நின்றுவிடலாம். இங்கிலாந்தில் 2019 முதல், வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும் நீல அட்டை தருகிறார்கள். ஆனால் அப்பாவின் அட்டையைக் காட்டிவிட்டு, அப்பா இல்லாமல் மகன் மட்டும் வந்து நிறுத்தினால் அது தவறுதான். இடம் காருக்கு அல்ல, உள்ளே இருப்பவருக்கு.

பேருந்து நிலையம், ரயில் நிலையங்களில் இந்த இட வசதி வேண்டும் என்று 2016 சட்டத்தின் 41-வது பிரிவு சொல்கிறது. அணுகல் வசதிக்குக் கட்டாய விதிகளை வகுக்கும்படி 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. எல்லாம் சரி. ஆனால் பெரிய கார் வந்ததும் சல்யூட் அடித்து நீலக் கட்டத்தைக் காட்டுவது வாசல் வாட்ச்மேன்தானே! அவருக்கு முதலாளி ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும், பாதிப் பிரச்சனை அன்றைக்கே தீரும். மீதிப் பாதி? சாவியைக் கையில் வைத்திருக்கும் நண்பர்களே, அது உங்களிடம்தான் இருக்கிறது.