ஒரு இன்ச் விஷயம்!

மீஞ்சூர்க்காரன் போட் இன்ஜினைப் பற்றி எழுதினால், 'உங்க ஊருக்கு ஏதுய்யா கடல்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். கும்மிடிப்பூண்டி லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு மீஞ்சூர் என்பது ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். ஆனால், சென்னைப் பக்கம் நாலாவது ஸ்டேஷன் எண்ணூர். அங்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். பைபர் போட்டுகளுக்கு இன்ஜின் மாட்டுவதும் கழற்றுவதும்தான் அவருக்கு வேலை. அதை வேடிக்கை பார்ப்பது சில ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை.

"இதுல என்னண்ணே கஷ்டம்? பின்பலகையில மாட்டி ரெண்டு திருகு முடுக்கினா தீர்ந்தது!" என்றேன்.

"கல்யாணத்துலகூட மூணு முடிச்சுதான் தம்பி. கஷ்டம் அதுக்கப்புறம்தானே?" என்றார்.

மனிதர் அனுபவஸ்தர்!

விஷயம் இதுதான். அவுட்போர்டு மோட்டாரில் தலை மேலே, விசிறி கீழே, நடுவில் ஒரு நீளக் கால். சின்ன மோட்டார்களில் இந்தக் கால் பெரும்பாலும் 15 இன்ச், 20 இன்ச் என்று இரண்டு அளவில் வரும். படகின் பின்பலகை உயரம் பார்த்துத்தான் வாங்கவேண்டும். மாப்பிள்ளை உயரம் பார்க்காமல் பேன்ட் எடுக்க முடியுமா?

விசிறிக்குச் சற்று மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கும். அந்தத் தட்டு படகின் அடிப்பாகத்துக்கு ஏறக்குறைய நேராக நிற்கவேண்டும். ஒரு இன்ச் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் போனால் தகராறு.

ரொம்ப மேலே ஏற்றி மாட்டினால், விசிறி தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். இன்ஜின் 'ஙொய்ய்ய்' என்று அலறும், படகு நகராது. (சில ஆபீஸ்களில் மேனேஜர்கள் இப்படித்தான்!) அதோடு, இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீரும் கீழே உள்ள ஓட்டை வழியாகத்தான் ஏறுகிறது. அந்த ஓட்டை தண்ணீருக்கு வெளியே வந்தால் இன்ஜின் கொதித்துவிடும். அதைக் கண்டுபிடிக்க அண்ணனுக்கு மீட்டர் தேவையில்லை. ஓடுகிற இன்ஜினின் பின்னால் பென்சில் கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சவேண்டும். "ஒண்ணுக்குப் போவுதா பாரு. போச்சுன்னா ஒடம்பு நல்லாக்குதுன்னு அர்த்தம்!"

சரி, ரொம்பக் கீழே இறக்கினால்? கால் தண்ணீரில் ஆழமாக அளைந்துகொண்டே வரும். வேகம் குறையும், எரிபொருள் கூடும். பி.காம். படித்த மூளைக்கு இது உடனே உறைத்தது. ஒவ்வொரு நாளும் கடலில் ஊற்றுகிற வெட்டிச் செலவு!

உயரத்துக்கு அடுத்தது சாய்வு. பைக்கில் குண்டான நண்பரைப் பின்னால் ஏற்றியிருக்கிறீர்களா? முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில்பார் நம் பேச்சைக் கேட்காது. படகும் அப்படித்தான். மோட்டாரின் காலைப் படகை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்த்தால் முன்பக்கம், அதாவது அணியம், தூக்கும். அளவு மீறினால் படகு குதிரை மாதிரி குதிக்கும். உள்பக்கமாக ஒட்டினால் அணியம் தாழ்ந்து, அலைக்குள் மூக்கை நுழைக்கும். இதற்காகப் பிடிமானத்தில் வரிசையாகத் துளைகள், ஒரு பின். ஒரு துளை மாற்றிப் போட்டால் போதும், படகின் குணமே மாறிவிடும்.

இந்த யந்திரத்துக்குப் பின்னால் ஒரு காதல் கதைகூட உண்டு. அமெரிக்காவில் மில்வாக்கி பக்கம் ஓலே எவின்ரூட் என்று ஒருவர். காதலி ஐஸ்கிரீம் கேட்டாளே என்று ஏரியில் துடுப்புப் போட்டுப் போய் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ஆத்திரத்தில் யோசித்தவர், 1909-ல் அவுட்போர்டு மோட்டார் விற்கவே ஆரம்பித்துவிட்டார். காதலியும் மனைவியாகி, கம்பெனிக் கணக்கைப் பார்த்துக்கொண்டார். ஐஸ்கிரீம் உருகினால் நாமெல்லாம் இன்னொன்று வாங்குவோம், அவ்வளவுதான் நம் ரேஞ்சு!

ஆனால், எவின்ரூட்டின் ஏரியில் ஆழம் இருந்தது. இங்கேதான் அண்ணன் சிரிப்பை நிறுத்தினார்.

"நீ சொல்ற ஒயரமெல்லாம் ஆழம் இருக்கிற தண்ணிக்குப்பா. எங்க ஆத்துக்கு எதை வெக்கிறது?"

வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓட ஆரம்பித்தது 1994-ல். நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் குழாய்கள் வருஷக்கணக்கில் ஒழுகி, சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. ஓடம் மிதந்த இடங்களில் ஆள் நடக்கலாம். போதாக்குறைக்கு முகத்துவாரத்தை மணல் வேறு மூடுகிறது.

அங்கே சரியான உயரத்தில் மாட்டிய மோட்டாரின் விசிறி தரையில் இடிக்கும். சரி என்று தூக்கி வைத்தால், கடலுக்குப் போனதும் அலையில் காற்றைக் குடிக்கும். சாம்பல் சேற்றை உறிஞ்சினால் உள்ளே இருக்கிற ரப்பர் பம்ப் தேய்ந்து, 'ஒண்ணுக்கு' நின்றுவிடும். 'லாங் டெயில்' இன்ஜின்களுக்கு மவுசு இருப்பது இதனால்தான். நீள வாலைக் கையாலேயே தூக்கிவிடலாம். தரை தட்டினால் தூக்கு, ஆழம் வந்தால் இறக்கு. வாலைப் பிடித்தே பிழைப்பு.

நாங்கள் கல்லூரியில் தேய்மானம் என்று ஒரு பாடம் படித்தோம். இன்ஜினுக்கு உண்டு, படகுக்கு உண்டு, மின் நிலையத்தின் மேஜை நாற்காலிக்குக்கூட வருஷா வருஷம் இத்தனை சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். ஆறு தேய்ந்த கணக்கை மட்டும் எந்த லெட்ஜரிலும் காணோம்.

அதுவரைக்கும் அண்ணன் ஒரு இன்ச் ஏற்றி, ஒரு துளை மாற்றி மாட்டிக்கொண்டே இருக்கிறார்.