வாக்கா கெட்டவனா மச்சி?

ஒரு கேள்வி ஃப்ரெண்ட்ஸ். உங்க தம்பி செத்ததுக்கு ஒரு கூட்டம்தான் காரணம்னு நம்புறீங்க. அந்தக் கூட்டத்து ஆள் யாரைப் பார்த்தாலும் உங்களுக்குப் பத்திக்கிட்டு வருது. இது நியாயமான கோபமா, துவேஷமா?

அவசரப்பட்டு பதில் சொல்லிடாதீங்க. நான் அப்படிச் சொல்லி ரூம்மேட்கிட்ட வசமா மாட்டிக்கிட்டேன்.

'ஃபைனல் ஃபேன்டஸி 10' கேள்விப்பட்டிருப்பீங்க. 2001-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ஜப்பான் கேம். 2016-ல் கம்ப்யூட்டருக்கும் வந்தது. ஆஃபர்ல வாங்கி, செமஸ்டர் லீவுக்கு முன்னாடி ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து ஆடினேன். ஆடாதவங்க மன்னிக்கணும், கதையை உடைக்கப் போறேன்.

ஸ்பைரான்னு ஒரு உலகம். 'சின்' என்கிற ராட்சச ஜந்து கடல்ல இருந்து வந்து ஊர் ஊரா அழிச்சுட்டுப் போகும். கொன்னாலும் சில வருஷத்துல திரும்ப வரும். முன்னோர்கள் மெஷின்களை நம்பி ஆடின பாவத்துக்குத் தண்டனை இதுன்னு யெவோன் மதம் சொல்லுது. அதனால மெஷின்களுக்குத் தடா. அந்தத் தடையை மதிக்காம வெளிப்படையா மெஷின் வெச்சிருக்கிறவங்க ஆல் பெட் மக்கள். தனி பாஷை பேசுவாங்க. பச்சைக் கண்ணு, கண்மணியில சுருள் சுருளா இருக்கும். ஸ்பைராவுல பாதிப் பேருக்கு இவங்களைக் கண்டாலே ஆகாது.

நம்ம ஹீரோ டீடஸோட கூடவே வர்றவன் வாக்கா. பந்தையே ஆயுதமா வீசுற, தோத்துக்கிட்டே இருக்கிற ஒரு பிளிட்ஸ்பால் டீமோட கேப்டன். செம ஜாலியான ஆளு. ஆனா ஆல் பெட்னு சொன்னா மூஞ்சி மாறிடும். அவன் தம்பி சாப்பு சின்னை எதிர்த்துச் சண்டைக்குப் போனான். அண்ணன் கொடுத்த கத்தியை விட்டுட்டு ஆல் பெட் ஆயுதத்தை எடுத்துட்டுப் போனான். திரும்பி வரலை.

நான் வாக்கா கட்சி. "தம்பியைப் பறிகொடுத்தவன்டா. வலியில பேசுறான். இதைப் போய் துவேஷம்னு சொன்னா எப்படி?" இது ரூம்மேட்கிட்ட நான் விட்ட டயலாக். சும்மா சென்டிமென்ட் இல்லை, பாயின்ட்டும் வெச்சிருந்தேன். லூக்கா நகரத்துல மேட்ச் நடக்கிறப்போ ஆல் பெட் டீம்தானே யூனாவைக் கடத்துது? அடுத்து மீஹென் சாலையில ஆல் பெட் ஆள் நடத்துற விடுதியில தங்கணும்னா, வாக்கா வேண்டாம்னு சொல்லத்தானே செய்வான்? சந்தேகப்படுறது தப்பா? மூன்ஃப்ளோ ஆத்துல மறுபடியும் ஒரு ஆல் பெட் மெஷின் வந்து யூனாவைத் தூக்கப் பார்க்குது. ரெண்டு தடவை ஆச்சு!

ரூம்மேட் லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டே கேட்டான்: "சரி மச்சி. ரிக்கு யாருன்னு தெரியுறதுக்கு முன்னாடி வாக்கா அவகிட்ட எப்படி இருந்தான்?"

நான் யோசிக்காத இடம் அது.

மூன்ஃப்ளோ கரையில ரிக்கு இவங்களோட சேருறா. அவளும் ஆல் பெட்தான். ஆரான் அவ முகத்தை நிமிர்த்தச் சொல்லி, கண்ணைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிறார். லூலுவுக்கும் யூனாவுக்கும் தெரியும். வாக்காவுக்கு மட்டும் தெரியாது. நல்ல பொண்ணு, வரட்டும்னு அவனே ஓகே சொல்றான். எல்லாருமா இடி மின்னல் சமவெளியைக் கடக்குறாங்க, ரிக்கு மின்னலுக்குப் பயந்து நடுங்குறா, ஒண்ணா சண்டை போடுறாங்க, ஒண்ணா சிரிக்கிறாங்க. மக்கலானியா ஏரியில ரிக்குவோட அண்ணன் அவங்க பாஷையில கத்த, இவளும் அதே பாஷையில பதில் சொல்றா. அவ்வளவுதான். வாக்கா மூஞ்சியே வேற. இத்தனை நாள் மறைச்சுட்டீங்களேன்னு எல்லார்மேலயும் பாயறான். பனியில ஓட்ட ஆல் பெட் வண்டி இருந்தும், ஏறமாட்டேன்னு நடையைக் கட்டுறான்.

இதுல கொடுமை என்ன தெரியுமா? மூன்ஃப்ளோவுல யூனாவைத் தூக்க வந்த மெஷினுக்குள்ள இருந்ததே ரிக்குதான். அதைத் தெரிஞ்சு கோபப்பட்டிருந்தா, நான் இன்னிக்கும் வாக்கா கட்சியிலதான் இருந்திருப்பேன். அவனுக்கு அது தெரியவே தெரியாது. ரிக்கு செஞ்ச எதுக்காகவும் அவன் கோபப்படலை. ரிக்கு எந்த இனம்னுதான் கோபம்.

இன்னொண்ணும் இருக்கு. ஸ்பைராவுக்கே நிஜமான அந்நியன் டீடஸ்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அழிஞ்ச ஊர்ல இருந்து வர்றேன்னு உளறுறவன். அவனுக்குச் சோறு போட்டு, டீம்ல இடம் கொடுத்து, தம்பியோட கத்தியையே தூக்கிக் கொடுக்கிறவன் வாக்கா. வெளி ஆளுன்னாலே நம்பமாட்டான்னு சொல்லவே முடியாது. ஒரே ஒரு கூட்டத்தை மட்டும்தான் நம்பமாட்டான்.

இதெல்லாம் அப்புறம் யோசிச்சது. அன்னிக்கு ராத்திரி ரூம்மேட் சொன்னது ஒரே வரி. "வாக்காவும் அன்னிக்குத்தான்டா பெட்டியைப் பூட்டுறான்."

இதுக்கு விளக்கம் சொல்லியே ஆகணும். என் ரூம்மேட் ராமநாதபுரம் பக்கம்னுதான் முதல்ல சொல்லியிருந்தான். மூணு மாசம் ஒரே தட்டுல பரோட்டா சாப்பிட்டோம். என் பர்ஸ் எப்பவும் மேஜை மேலேயே கிடக்கும். ஒருநாள் ஸ்காலர்ஷிப் ஃபார்ம் எழுதி வெச்சுட்டுக் குளிக்கப் போனான். அட்ரஸ் கண்ணுல பட்டது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். 2021-ல் பேர் மாத்துறதுக்கு முன்னாடி அகதி முகாம்னு போர்டு இருந்த இடம். மாசா மாசம் ஊருக்கு ஓடினது, வீட்டுக்குப் போன் பேசுறப்போ வராந்தா கடைசிக்குப் போய் வேற மாதிரித் தமிழ் பேசினது, எல்லாம் அப்போதான் புரிஞ்சுது.

நான் என்ன செஞ்சேன்? ஒண்ணும் கேட்கலை. பர்ஸை எடுத்துப் பெட்டிக்குள்ள போட்டேன். பூட்டினேன். ஏன்னு கேட்டா சத்தியமா பதில் இல்லை. அவங்க யாரும் எனக்கு எந்தக் கெடுதலும் செஞ்சதில்லை. வாக்காவுக்காவது ஒரு தம்பி செத்தான்.

அவன் அதைக் கவனிச்சிருக்கான். ஒரு வருஷமா ஒண்ணும் சொல்லலை.

நாங்க அப்புறம் அதைப் பத்திப் பேசிக்கலை. நான் கேமைத் தொடர்ந்தேன். பெவெல்லே கோயிலுக்குள்ள போனா, யெவோன் சாமியார்களே மெஷின் வெச்சிருக்காங்க! அதுக்கு முன்னாடியே பிகானெல் பாலைவனத்துல ஆல் பெட்களோட ஊரான 'ஹோம்' அழிஞ்சுபோகுது. அவங்க யூனா மாதிரி சம்மனர்களைக் கடத்தினது கொல்றதுக்கு இல்லை, காப்பாத்துறதுக்குன்னும் அங்கேதான் தெரியும். பயணம் முடியுற இடத்துல சம்மனர் செத்துப்போவாங்க. ஊர் வெடிச்சுச் சிதறுறப்போ வாக்கா ரிக்குவுக்கு ஆறுதல் சொல்லப் பார்க்கிறான். திருவிழா வாணவேடிக்கை மாதிரி இருக்குன்னு உளறி வாங்கிக் கட்டிக்கிறான். முதல் தடவை பார்த்தப்போ சிரிச்சுட்டேன். மன்னிப்பு கேட்கத் தெரியாதவன் வேற எப்படிப் பேசுவான்?

என் கதையும் அதே லட்சணம்தான். லீவு முடிஞ்சு வந்ததும் பெட்டிச் சாவியை மேஜை மேல, அவன் கண்ணுல படுற மாதிரி வெச்சேன். பெரிய தியாகம் பண்ணின நினைப்பு எனக்கு. அவன் அதை எடுத்து என் கட்டில்ல விட்டெறிஞ்சான். "உள்ள வைடா லூசு. தொலைச்சுட்டு அப்புறம் என்னைத்தான் பார்ப்பே."

இப்போ ரெண்டாவது ரவுண்டு ஆடுறோம், மாத்தி மாத்தி. இந்த கேம்ல ஆல் பெட் பாஷைக்கு 26 புத்தகங்கள் அங்கங்கே கிடக்கும். ஒரு புத்தகம் எடுத்தா ஒரு எழுத்து புரியும். முதல் ரவுண்டுல நான் அதைக் கண்டுக்கவே இல்லை. இந்தத் தடவை ஒண்ணு விடாம பொறுக்குறோம். ஹோம்ல இருக்கிறதை அங்கே போறப்பவே எடுத்துடணும், அப்புறம் அந்த ஊரே இருக்காது. நீங்க ஆடினா மறந்துடாதீங்க.